மஞ்சள் கவருக்குள் ஊசி: எங்கள் தூய்மைப் பணியாளருக்குக் குத்திவிட்டது, உடனே என்ன செய்வது?

குற்றாலச்சாரல் | செவ்வாய், இரவு 8.40

வணக்கம். தென்காசிப் பக்கம் 25 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பெயர் வேண்டாமே. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்து, "இனிமேல் பயோமெடிக்கல் வேஸ்ட் (மருத்துவக் கழிவு) உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி எதுவும் கிடையாது. எந்தக் கழிவை எந்த நிறத்தில் போடுவது என்று சுவரில் நான்கு நிறப் போஸ்டர் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதில் பாதியை ஆக்சிஜன் சிலிண்டர் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

இன்று மாலை ஆறு மணி வாக்கில் எங்கள் தூய்மைப் பணியாளர் அக்கா மஞ்சள் கவரைக் கட்டித் தூக்கிக்கொண்டு படியிறங்கியிருக்கிறார். கவர் காலில் உரசி, உள்ளே கிடந்த ஊசி தொடையில் ஏறிவிட்டது. மஞ்சள் கவரில் ஊசி இருக்கவே கூடாது, அது தெரியும். போட்டது யார் என்று தெரியவில்லை. எங்களில் ஒருவர்தான்.

அக்கா பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. காண்ட்ராக்ட் ஆள், சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்திருக்கிறார். பாத்ரூமில் ரத்தத்தைப் பிதுக்கி எடுத்து, டெட்டால் ஊற்றிக் கழுவியிருக்கிறார். எட்டு மணிக்குச் சேலையில் கறையைப் பார்த்து நானாகக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். வார்டில் மொத்தம் 11 பேர். ஒருவர் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது. டியூட்டி டாக்டர் டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டுவிட்டு "காலையில் பார்க்கலாம்" என்கிறார். காலை வரை விடலாமா?


கிருமிநாசினி | செவ்வாய், இரவு 8.52

விடக் கூடாது, இப்போதே கிளம்புங்கள். நான் மைக்ரோபயாலஜி, அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிலும் இருக்கிறேன்.

தென்காசி அரசு தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே கிடைக்காது என்றால் நேராகப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனை. எச்ஐவி தடுப்பு மாத்திரையின் முதல் டோஸை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. அது கடந்துவிட்டது, ஆனால் 72 மணி நேரம் வரை கொடுக்கலாம் என்பதால் பதற வேண்டாம். ஆரம்பித்தால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

உங்கள் கேஸில் எனக்கு அதைவிடக் கவலை ஹெபடைட்டிஸ் பி. குத்தியது யாருடைய ஊசி என்று தெரியாததாலும், வார்டில் ஒரு பாசிட்டிவ் இருப்பதாலும், அவருடையது என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அக்கா இதற்கு முன் தடுப்பூசி போட்டிருக்கிறாரா? போடவில்லை என்றால் இம்யூனோகுளோபுலின் ஊசி (தயார் நிலை எதிர்ப்புச் சக்தி) 24 மணி நேரத்துக்குள், கூடவே வேறொரு இடத்தில் தடுப்பூசியின் முதல் டோஸ். இரண்டும் சேர்ந்தால் பாதுகாப்பு அதிகம். இன்றே ரத்தம் எடுத்து எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றுக்கும் பார்த்து எழுதி வையுங்கள். நாளைக்கு "இது முன்பே இருந்தது" என்று யாரும் கை கழுவக் கூடாது.

அந்த ஊசியை லேபுக்கு அனுப்ப வேண்டாம், அதில் ஒன்றும் தெரியாது. இனி யாருக்குக் குத்தினாலும் பிதுக்கவும் வேண்டாம், டெட்டாலும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.


குற்றாலச்சாரல் | புதன், காலை 6.15

ராத்திரி பதினொன்றரைக்கு முதல் டோஸ் கொடுத்துவிட்டார்கள். நன்றி டாக்டர்.

அக்கா இந்த வேலைக்கு வந்து நான்கு வருடம். ஒரு தடுப்பூசிகூடப் போட்டதில்லை. "உங்களுக்கெல்லாம் போட்டாங்க, எங்ககிட்ட யாரும் கேக்கலையேம்மா" என்றார். நாங்கள் சேர்ந்த வாரமே எங்களுக்குப் போட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இம்யூனோகுளோபுலின் வெளியே வாங்க வேண்டியிருந்தது. விலையைக் கேட்டதும் எங்கள் மேனேஜர் காண்ட்ராக்டரைக் கைகாட்டினார், காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. கடைசியில் நைட் டியூட்டி சிஸ்டர்கள் நான்கு பேர் பணம் போட்டு வாங்கினோம். அதிகாலை மூன்று மணிக்குப் போட்டாயிற்று.


வேப்பங்குச்சி | புதன், காலை 7.30

என் அம்மா 19 வருடம் ஆஸ்பத்திரி துடைத்தவர். இரண்டு முறை குத்து வாங்கியிருக்கிறார், இரண்டு முறையும் வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார். அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன்.

2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளை எடுத்துப் பாருங்கள். மருத்துவமனை ஊழியர்களுக்கு மட்டுமல்ல, இந்தக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியது மருத்துவமனையை நடத்துபவரின் கடமை. வேலைக்குச் சேரும்போது ஒரு பயிற்சி, அதன் பிறகு வருடம் ஒன்று. உடல் பரிசோதனையும் வருடா வருடம். காண்ட்ராக்டர் என்ற பேச்சே அங்கே இல்லை. கழிவு யாருடைய கட்டடத்தில் உண்டாகிறதோ அவர்தான் பொறுப்பு. குத்துப்பட்டால் அதைப் பதிவு செய்யத் தனிப் படிவமே இருக்கிறது, படிவம் 1. சிஸ்டர், அதை இன்றே நிரப்பி ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் காணாமல் போகும்.


பதினைந்துபடுக்கை | புதன், காலை 10.05

மறுபக்கத்தையும் கேளுங்கள். நான் சின்ன மருத்துவமனை நடத்துகிறேன். அந்த அம்மாவுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் கையுறை வாங்கிக் கொடுத்தால் வேர்க்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

அப்புறம் இந்த நான்கு நிற விஷயம். டாக்டருக்கே குழப்பம் வருகிறது. கழிவு எடுக்கும் கம்பெனிக்குப் படுக்கைக் கணக்கில் மாதாமாதம் பணம் கட்டுகிறோம், படுக்கை காலியாக இருந்தாலும் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் மஞ்சள் கவரில் போட்டு எரிக்கக் கொடுத்தால் எந்தக் கிருமியும் பிழைக்காது. அதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. பிரித்துக்கொண்டிருக்கும்போதுதானே குத்துகிறது?


வேப்பங்குச்சி | புதன், காலை 10.12

ஐயா, குத்தியது தொடையில். தொடைக்கு எந்தக் கடையில் கையுறை விற்கிறது?


கிருமிநாசினி | புதன், மதியம் 1.40

@பதினைந்துபடுக்கை, நீங்கள் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒரு பெரிய தவறும் இருக்கிறது. நியாயம் என்னவென்றால், ஒருமுறை கலந்துவிட்டதை மறுபடி பிரிக்கவே கூடாது. கவருக்குள் கைவிட்டுப் பிரிப்பவர்களுக்குத்தான் அதிகம் குத்துகிறது. ஆனால் அதற்கு மருந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவது இல்லை. பிரிப்பது கட்டில் பக்கத்திலேயே, ஊசி போட்ட கை கீழே இறங்குவதற்குள் நடந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு செய்வது எல்லாம் காலம் கடந்த வேலை.

எல்லாம் மஞ்சள் என்றால் என்ன ஆகும்? மஞ்சள் கவர் எரியுலைக்குப் போகிறது. முதல் அறையில் 800 டிகிரி, இரண்டாவது அறையில் 1050 டிகிரி செல்சியஸ், புகை அங்கே இரண்டு வினாடியாவது நிற்க வேண்டும். அதற்குள் நீங்கள் சிரிஞ்சு, ஐவி செட், யூரின் பேக் எல்லாவற்றையும் திணிக்கிறீர்கள். இவற்றில் பல பிவிசி என்ற பிளாஸ்டிக். பிவிசியில் குளோரின் இருக்கிறது, எரியும்போது அது டையாக்சின், ஃபியூரான் என்ற நச்சுகளாக மாறி வெளியே வரும். கிருமியைக் கொன்று, புற்றுநோயைப் புகைக்கூண்டு வழியாக ஊருக்கு அனுப்புவது போல. குளோரின் கலந்த பிளாஸ்டிக்கில் செய்த கவர்களையே 2019 மார்ச்சோடு நிறுத்தச் சொன்னதும் இதனால்தான்.

சரி, நிறங்கள். மனப்பாடம் வேண்டாம், பொருள் எங்கே போய்ச் சேரப் போகிறது என்று பார்த்தால் தானாகப் புரியும். எரிக்க வேண்டியது மஞ்சள்: ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, பிளாஸ்டர், அறுவையில் எடுத்த உறுப்பு, பிரசவத்தில் வரும் நஞ்சு (நஞ்சுக்கொடி), காலாவதி மருந்து. கழுவி வெந்து பிளாஸ்டிக்காகத் திரும்பி வரக் கூடியது சிவப்பு: ட்யூப், கதீட்டர், ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை. குத்துவது, வெட்டுவது எல்லாம் வெள்ளை. அது கவராக இருக்கக் கூடாது, துளைக்க முடியாத, திறந்து கொட்ட முடியாத டப்பா. கண்ணாடிக் குப்பி, ஆம்பூல் நீலப் பெட்டி. உடம்பில் வைத்து எடுத்த உலோகத் தகடு, திருகும் அதே நீலம். மருந்து அட்டைப்பெட்டி, டீ கப், இட்லிப் பொட்டலம், இவை எதிலும் சேராது, அவை ஊர்க் குப்பை.

உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி, மருத்துவமனையில் சேரும் கழிவில் சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான். 15 சதவீதம்தான் ஆபத்தானது. இரண்டையும் கலந்தால் முழு நூறும் ஆபத்தாகிவிடும். எரியுலைக்காரர் எடைக்குப் பணம் வாங்க ஆரம்பித்தால் உங்கள் இட்லிப் பொட்டலத்துக்கும் நீங்களே கட்டுவீர்கள்.

லேபில் வளர்த்த கிருமித் தட்டு, ரத்தப் பை மட்டும் இங்கேயே ஆட்டோகிளேவிலோ (நீராவி அழுத்தக் கலன்) கிருமிநீக்க மருந்திலோ போட்டுக் கிருமியைக் கொன்ற பிறகுதான் மஞ்சளுக்குப் போக வேண்டும். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.


மஞ்சள்வண்டி | புதன், இரவு 9.20

நான் அந்த வண்டி ஓட்டுபவன். எங்களையும் யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது இடம் போவேன். எந்த ஆஸ்பத்திரியில் எப்படி வேலை நடக்கிறது என்று கவரைத் தூக்கினாலே தெரியும். சிவப்புக் கவர் கனத்தால் உள்ளே பாதி சாப்பிட்ட பிரியாணியோ, தண்ணீர் கொட்டாத யூரின் பேக்கோ இருக்கிறது. மஞ்சள் கவர் சலசலத்தால் சிரிஞ்சு. வெள்ளை டப்பா நாள் கணக்காகக் காலியாகவே இருந்தால் ஊசியெல்லாம் வேறெங்கோ போகிறது என்று அர்த்தம். ஊசி போடாத ஆஸ்பத்திரி ஊரில் உண்டா?

கவரில் முக்கால் பங்குக்கு மேல் திணிக்காதீர்கள். கழுத்தைத் திருகிக் கட்ட இடம் வேண்டும். கழுத்தைப் பிடித்துத் தூக்கி, உடம்பை விட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். இடுப்பில் அணைத்து, தோளில் போட்டு, காலில் உரசி எடுத்துப் போகவே கூடாது. அந்த அக்காவிடம் இதைச் சொல்லுங்கள், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை, முழங்காலில் வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். மாடிப்படியில் கையில் தூக்காமல் மூடி போட்ட சக்கரத்தொட்டியை லிஃப்டில் இறக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

பார்கோடு ஒட்டாத கவரை நான் எடுக்க மாட்டேன் என்றால் சண்டைக்கு வருகிறார்கள். ஒட்டியிருந்தால்தான் கழிவு சுத்திகரிப்பு ஆலையில் ஸ்கேன் ஆகும். அது இல்லாமல் நான் ஏற்றினால் வழியில் எங்கே கொட்டினாலும் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. அது எனக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.


பதினைந்துபடுக்கை | வியாழன், காலை 9.00

@கிருமிநாசினி பிவிசி விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பின்பக்கம் காலி இடம் இருக்கிறது. முன்பெல்லாம் குழி வெட்டிப் புதைத்தோம், ஒரு பிரச்சினையும் வரவில்லையே?


கிருமிநாசினி | வியாழன், காலை 9.30

வந்தது உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இரண்டு மீட்டர் ஆழக் குழி, பாதி வரைதான் கழிவு, மேலே சுண்ணாம்பு, ஒவ்வொரு முறையும் பத்து சென்டிமீட்டர் மண் என்று விதியில் இருக்கிறது. ஆனால் அது பொதுச் சுத்திகரிப்பு ஆலைக்கு வழியே இல்லாத தொலைதூர ஊர்களுக்கு. 75 கிலோமீட்டருக்குள் பொது ஆலை இருந்தால் நீங்களாக எரிக்கவோ புதைக்கவோ கூடாது. தமிழ்நாட்டில் "தொலைதூரம்" என்று சொல்லித் தப்பிக்க மலை உச்சியில் இருந்தால்தான் உண்டு.


குற்றாலச்சாரல் | வியாழன், இரவு 10.10

இன்று ஒரு வேலை செய்தேன். புதிதாக எதையும் வாங்காமல், மூன்று ஷிஃப்டும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எங்கள் நீடில் கட்டரும் வெள்ளை டப்பாவும் நர்ஸிங் ஸ்டேஷனில் மேஜை மேல் இருக்கின்றன. கடைசிக் கட்டிலில் இருந்து 22 எட்டு தூரம். நான் எண்ணிப் பார்த்தேன். வென்ஃப்ளான், அதாவது சலைன் ஏற்ற நரம்பில் வைக்கும் குழாய், போடும்போது உள்ளே இருக்கும் ஊசியை உருவிக் கிட்னி ட்ரேயில் வைக்கிறோம். அதன் மேலேயே ரத்தப் பஞ்சு, பிளாஸ்டர் காகிதம் எல்லாம் விழுகிறது. 22 எட்டு நடந்து வந்து, போன் அடித்துக்கொண்டிருக்கும்போது, ட்ரேயை ஒரே கவிழ்ப்பாக மஞ்சள் தொட்டியில் கவிழ்த்துவிடுகிறோம். பஞ்சுக்குள் ஊசி சுருண்டு போய்விடுகிறது. அக்காவைக் குத்தியதும் வென்ஃப்ளான் ஊசிதான், அவரே எடுத்து வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை அந்த வார்டில் மூன்று வென்ஃப்ளான் போட்டிருக்கிறோம். அதில் இரண்டு நான் போட்டது.


வேப்பங்குச்சி | வியாழன், இரவு 10.25

இதை இங்கே எழுதியதற்கு நன்றி சிஸ்டர். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.


லண்டன்_நைட்ஷிஃப்ட் | வெள்ளி, காலை 5.50

இங்கிலாந்தில் பன்னிரண்டு வருடமாக நர்ஸ். இங்கே ஊசி டப்பாவை ட்ரேயோடு சேர்த்துக் கட்டில் பக்கத்துக்கே எடுத்துப் போக வேண்டும். வென்ஃப்ளானின் ஊசி வெளியே வரும்போதே முனையை மூடிக்கொள்ளும் வகைதான் வாங்குகிறார்கள். 2013இல் கூர்முனைக் கருவிகளுக்கென்று தனி ஒழுங்குவிதி வந்ததில் இருந்து, அதைத் தவிர்க்க முதலாளி காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊருக்கு லீவில் வந்தபோது அந்த வகையைக் கேட்டேன், விலையைக் கேட்டதும் டாக்டர் சிரித்தார்.

ஒரு எச்சரிக்கை. இங்கே நிறங்கள் வேறு. தொற்றுக் கழிவு ஆரஞ்சு, கட்டாயம் எரிப்பதற்கு மஞ்சள், டயபர் மாதிரி அருவருப்பான ஆனால் தொற்றில்லாததற்குப் புலிவரி (மஞ்சளில் கறுப்புக் கோடு), புற்றுநோய் மருந்து தொட்ட ஊசி டப்பாவுக்கு ஊதா மூடி. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பும் சிஸ்டர்கள் கை பழகிய நிறத்தில் போட்டுவிடுவார்கள். யூடியூபில் வெளிநாட்டு வீடியோவைப் போட்டுப் பயிற்சி கொடுப்பவர்களும் இதைக் கவனியுங்கள்.


குற்றாலச்சாரல் | வெள்ளி, மதியம் 3.15

இன்னொன்றும் கேட்க வேண்டும், கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எங்கள் இடத்தில் சலைன் பாட்டிலையும் ஐவி ட்யூபையும் ஒரு மூட்டையில் தனியாகச் சேர்க்கிறார்கள். மாதக் கடைசியில் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து எடைக்கு எடுத்துப் போகிறார். அந்தப் பணத்தில்தான் ஆயுத பூஜைக்குப் பொரி, பழம் எல்லாம் வாங்குவது. எல்லா இடத்திலும் நடப்பதுதானே என்று இத்தனை நாள் கண்டுகொள்ளவில்லை. சிவப்புக் கவரில் போனாலும் அது மறுசுழற்சிக்குத்தானே போகிறது? என்ன வித்தியாசம்?


கிருமிநாசினி | வெள்ளி, மாலை 6.45

வித்தியாசம் நடுவில் நடக்கும் இரண்டு வேலைகளில் இருக்கிறது. ஆலையில் சிவப்புக் கவரை ஆட்டோகிளேவில் வைக்கிறார்கள். 121 டிகிரியில், ஒரு சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் முழுதாக ஒரு மணி நேரம். அதன் பிறகு துண்டு துண்டாக அரைக்கிறார்கள். அரைப்பது வெறும் இடம் மிச்சம் பிடிக்க இல்லை. அரைத்த சிரிஞ்சை யாரும் கழுவி, கவரில் போட்டு, புதிது என்று விற்க முடியாது.

குஜராத்தில் மொடாசா என்று ஓர் ஊர். 2009இல் அந்தப் பகுதியில் ஹெபடைட்டிஸ் பி பரவி ஏராளமானோர் செத்துப்போனார்கள். பயன்படுத்திய சிரிஞ்சுகளை மறுபடி பயன்படுத்தியதுதான் காரணம் என்று விசாரணை போனது, கழிவு சிரிஞ்சுகள் பழைய பொருள் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்ததும் அப்போது அம்பலமானது. ஊசி குத்தினால் வரும் அபாயத்தையும் சேர்த்துப் பாருங்கள்: எச்ஐவி ஆயிரத்தில் மூன்று பேருக்கு, தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி நூற்றில் முப்பது பேர் வரைக்கும்கூட. காய்ந்த ரத்தத்தில் அந்த வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும். உங்கள் மூட்டை மாதக் கடைசி வரை கிடக்கிறது என்கிறீர்கள். ரத்தம் தோய்ந்த கழிவு, உறுப்பு போன்றவற்றைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவே கூடாது.

பழைய இரும்புக் கடை என்றதும் எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது பிரேசிலில் கோயானியா. 1987. கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை மையத்தில் கதிர்வீச்சுக் கருவியை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். இரண்டு பேர் உள்ளே நுழைந்து அதைப் பிரித்து எடுத்துப் பழைய பொருள் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்த சீசியம் இருட்டில் நீலமாக மின்னியது. கடைக்காரர் அதை அதிசயம் என்று வீட்டுக்கு எடுத்துப் போய் உறவினர்களுக்குக் கொடுத்தார். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று ஆறு வயதுக் குழந்தை. சலைன் பாட்டிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். வாங்கிப் போகிறவருக்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரியாது என்பதில் இரண்டும் ஒன்றுதான்.


நெல்லையப்பன்கோயில்தெரு | சனி, காலை 8.20

இங்கே சிஸ்டரைக் கேள்வி கேட்பது இருக்கட்டும். 2024 டிசம்பரில் கேரளாவில் இருந்து லாரி லாரியாக மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து எங்கள் திருநெல்வேலியில் கொடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கொட்டினார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? நோயாளி பெயர் போட்ட காகிதம்கூடக் கிடந்தது. நம் ஊர் என்ன குப்பைத்தொட்டியா?


மஞ்சள்வண்டி | சனி, மதியம் 2.30

அண்ணே, அந்த நியாயம் உங்களிடம் இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்து, கேரளாவே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அடுத்த வருடம் ஏப்ரலில், மருத்துவக் கழிவைக் கொட்டுகிறவர்களையும் குண்டர் சட்டத்தில் கொண்டுவரச் சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேற்றினார்கள். எல்லாம் நல்லதுதான்.

ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன், அந்த லாரி ஒரு ஆஸ்பத்திரியின் பின்வாசலில் இருந்துதான் கிளம்பியது. யாரோ ஒருவர் "சல்லிசாக எடுத்துக்கொள்கிறேன்" என்றார், இன்னொருவர் எங்கே போகிறது என்று கேட்காமல் கொடுத்தார். சிஸ்டர் சொன்ன பழைய இரும்புக் கடை மூட்டைக்கும் இதற்கும் லாரியின் அளவுதான் வித்தியாசம். கேரள எல்லைப் புளியரை வழியாக மட்டும்தான் கழிவு வரும் என்று நினைக்காதீர்கள். நம் ஊர்க் குளக்கரையில் நம் ஊர் கிளினிக்கின் ஊசியை நானே பார்த்திருக்கிறேன்.


நெல்லையப்பன்கோயில்தெரு | சனி, மதியம் 2.50

மறுக்க முடியவில்லை. ஆனாலும் கோபம் போகவில்லை.


சர்க்கரைப்பொங்கல் | ஞாயிறு, காலை 11.00

பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், எனக்குச் சர்க்கரை. வீட்டில் நான்கு வேளை இன்சுலின். ஊசியை எல்லாம் இவ்வளவு நாள் பால் கவருக்குள் சுற்றிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த இழையைப் படித்ததில் இருந்து காலையில் வரும் தூய்மைப் பணியாளரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் என்ன செய்வது?


கிருமிநாசினி | ஞாயிறு, மதியம் 12.15

கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள், துணி சோப்பு லிக்விட் வரும் பாட்டில் நன்றாக இருக்கும். தண்ணீர் பாட்டில் வேண்டாம், நசுங்கும். ஊசியை மூடி போட முயலாமல் நேராக அதற்குள் போடுங்கள். மூடி போடும்போதுதான் இடது கை விரலில் குத்தும். முக்கால் நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதுங்கள். 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் இதை வீட்டு அபாயக் கழிவு என்றன, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். நீங்கள் காட்டும் டாக்டரிடமோ லேபிலோ கேட்டுப் பாருங்கள், அவர்களின் வெள்ளை டப்பாவோடு சேர்த்து அனுப்பச் சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள்.


குற்றாலச்சாரல் | ஆறு வாரம் கழித்து, திங்கள், இரவு 9.05

யாராவது இன்னும் இந்தப் பக்கம் வருகிறீர்களா?

அக்காவின் ஆறு வார ரிப்போர்ட் வந்தது. மூன்றுமே நெகட்டிவ். இன்னும் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் பார்க்க வேண்டும். 28 நாள் மாத்திரையையும் முடித்துவிட்டார், முதல் வாரம் குமட்டலில் பாதி நாள் சாப்பிடவே இல்லை. தடுப்பூசியின் இரண்டாவது டோஸ் போட்டாயிற்று. அவரோடு வேலை பார்க்கும் மற்ற ஐந்து பேருக்கும் முதல் டோஸ். அதற்கு நான் பெரிதாகப் போராடவில்லை. படிவம் 1 ஐ நிரப்பி, அதில் "தடுப்பூசி: போடப்படவில்லை" என்று எழுதி மேனேஜரிடம் கையெழுத்துக் கேட்டேன். மறுநாளே ஊசி வந்துவிட்டது. இம்யூனோகுளோபுலின் பணம் மட்டும் இன்னும் எங்களுக்குத் திரும்பவில்லை.

வெள்ளை டப்பா இப்போது ஊசி ட்ராலியிலேயே கம்பியில் மாட்டியிருக்கிறது, ட்ராலி போகும் இடமெல்லாம் போகும். கிட்னி ட்ரேயைக் கவிழ்க்கும் பழக்கம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. நேற்றுகூட ஒரு டாக்டர் கவிழ்க்கப் போனார், அக்கா துடைப்பத்தோடு வந்து தொட்டிக்குக் குறுக்கே நின்றுவிட்டார். பழைய இரும்புக் கடைக்காரரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அடுத்த ஆயுத பூஜைப் பொரிக்கு யார் பணம் தருவது என்று வார்டில் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

இரண்டு சந்தேகம். நஞ்சைக் கொடுங்கள், வீட்டில் புதைக்க வேண்டும் என்று பாட்டிகள் கேட்கிறார்கள். மஞ்சள் கவர் என்று சொன்னால் கோபம் வருகிறது. இன்னொன்று @மஞ்சள்வண்டி அண்ணே, பொங்கல் மூன்று நாளும் வண்டி வருமா? 48 மணி நேரக் கணக்கு இடிக்கிறது.


கிருமிநாசினி | திங்கள், இரவு 9.40

ரிப்போர்ட் பார்த்து நிம்மதி. நஞ்சு மஞ்சள்தான், அதில் மாற்றமில்லை. பாட்டியிடம் விதியைச் சொல்லாதீர்கள். நாய் தோண்டிவிடும் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.


மஞ்சள்வண்டி | செவ்வாய், காலை 5.30

லீவு நாள் என்று நாங்கள் நிறுத்தக் கூடாது சிஸ்டர், வண்டி உண்டு. பொங்கலன்று மதியத்துக்கு மேல் வருவேன், மாட்டுப் பொங்கலன்று காலை ஏழு மணிக்கு முன்னால். கவரைக் கட்டிப் பார்கோடு ஒட்டி வையுங்கள். கரும்புச் சக்கையைச் சிவப்புக் கவரில் போட வேண்டாம் என்று டியூட்டி டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், போன வருடம் இரண்டு கவர் வந்தது.